மெதடிஸ்ட் முன்னோரைத் தேடுவோருக்கு: வீட்டு வேதாகமத்திலிருந்து சபைப் பதிவேடு வரை

என் அம்மாவின் தாத்தா மன்னார்குடிப் பக்கத்தில் உபதேசியாராக (குருவானவருக்கு உதவியாக ஊர்ச் சபையைக் கவனிப்பவராக) இருந்தார் என்பதும், குடும்பம் 'தாது வருஷப் பஞ்சத்தில் வேதத்துக்கு வந்தது', அதாவது கிறிஸ்தவத்தில் சேர்ந்தது என்பதும் தவிர, நான் தேடத் தொடங்கியபோது என் கையில் வேறு தகவல் எதுவும் இல்லை. அவருடைய ஞானஸ்நானப் பதிவை என் கண்ணால் பார்ப்பதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதில் எட்டு மாதங்கள் சம்பந்தமே இல்லாத வேறொரு மிஷனின் ஆவணங்களைப் புரட்டுவதிலேயே கழிந்தன. வழி தெரிந்த ஒருவர் தொடக்கத்திலேயே நாலு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் காலத்தையும் பணத்தையும் மிச்சப்படுத்தியிருக்கலாம். தமிழ்நாட்டிலோ இலங்கையின் வடகிழக்கிலோ மெதடிஸ்ட் சபையைச் சேர்ந்திருந்த முன்னோரைத் தேடும் எவரும் என்னைப்போல் அலையக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

1. வீட்டில் இருப்பதை முதலில் சேகரியுங்கள்

எந்த அலுவலகத்துக்கும் எழுதுவதற்கு முன்பு, உறவினர் வீடுகளில் இருக்கும் பழைய வேதாகமங்களையும் பாட்டுப் புத்தகங்களையும் பாருங்கள். அவற்றின் முதல் பக்கத்திலோ கடைசிப் பக்கத்திலோ பிறப்பு, ஞானஸ்நானம், திருமணம், மரணம் ஆகியவற்றை எழுதி வைக்கும் பழக்கம் நம் கிறிஸ்தவக் குடும்பங்களில் பரவலாக இருந்தது. அந்தப் பக்கத்தை மட்டும் படம் எடுத்தால் போதாது. புத்தகம் அச்சான ஆண்டு இருக்கும் பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். புத்தகம் 1920-ல் அச்சாகியிருந்து, அதில் 1880-ஆம் ஆண்டுச் செய்தி எழுதப்பட்டிருந்தால், அது நிகழ்ந்த காலத்தில் எழுதப்பட்டதல்ல, பின்னால் நினைவிலிருந்து எழுதப்பட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

பள்ளிச் சான்றிதழ், பணி நியமனக் கடிதம், சபைச் சந்தா ரசீது, கல்யாணப் பத்திரிகை, கல்லறையின் புகைப்படம் ஆகியவற்றைத் தேடும்போது, மெதடிஸ்ட் குடும்பங்களுக்கே உரிய ஒரு சிறு காகிதத்தையும் கவனமாகத் தேடுங்கள். அதுதான் வகுப்புச் சீட்டு. அக்கால மெதடிஸ்ட் சபையில் முழு உறுப்பினர்கள் சிறு வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு தலைவர் இருப்பார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை உறுப்பினருக்கு அவர் பெயர் எழுதிய ஒரு சீட்டு வழங்கப்படும். உள்ளங்கையில் அடங்கும் அளவுள்ள அந்தச் சீட்டில் ஒரு வேத வசனமும், காலாண்டும், குருவானவரின் கையெழுத்தோ முதலெழுத்துகளோ இருக்கும். புத்தகத்தில் பக்கம் குறிக்க வைத்த காகிதம் என்று நினைத்துப் பலர் அதை எறிந்துவிடுகிறார்கள். அந்தக் கையெழுத்து ஒன்றை வைத்தே உங்கள் முன்னோர் எந்தச் சேகரத்தில் (பல ஊர்ச் சபைகள் சேர்ந்த வட்டத்தில்) இருந்தார் என்று கண்டுபிடித்துவிட முடியும். எப்படி என்பதை மூன்றாம் பகுதியில் சொல்கிறேன்.

பெரியவர்களிடம் பேசும்போது 'எந்த ஆண்டு' என்று கேட்காதீர்கள். பஞ்சம், புயல், கொள்ளைநோய், பள்ளிக்கூடம் கட்டிய காலம் என்று அவர்கள் நினைவில் நிற்கும் அடையாளங்களைக் கேளுங்கள். 'தாது வருஷம்' என்ற ஒரே சொல் எனக்கு 1876–77 என்ற எல்லையை வரைந்து கொடுத்தது. அந்தப் பெரும் பஞ்சம் 1878 வரை நீடித்தபடியால் நான் மூன்று ஆண்டுப் பதிவுகளை மட்டும் பார்த்தால் போதும் என்றாயிற்று.

2. எந்த மிஷன் என்பதை உறுதிப்படுத்தாமல் அடுத்த அடி வைக்காதீர்கள்

நான் எட்டு மாதத்தை இழந்தது இங்கேதான். என் குடும்பத்தார் இப்போது தென்னிந்தியத் திருச்சபையில் இருக்கிறார்கள். 'மிஷன் பள்ளிக்கூடம்', 'வெள்ளைக்கார ஐயர்' என்ற சொற்களை மட்டும் நம்பி, நான் மதுரையில் இருந்த அமெரிக்க மிஷனின் ஆண்டறிக்கைகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தேன். அந்த மிஷனுக்கும் மெதடிஸ்ட் சபைக்கும் தொடர்பே கிடையாது.

1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது ஆங்கிலிக்கன் சபைகளும், காங்கிரிகேஷனல் மற்றும் பிரஸ்பிடேரியன் மரபுகள் 1908-ல் இணைந்து உருவாக்கியிருந்த தென்னிந்திய ஐக்கிய சபையும், பிரிட்டிஷ் மெதடிஸ்ட் மிஷனால் உருவான சபைகளும் ஒன்றாயின. ஆகவே இன்று தென்னிந்தியத் திருச்சபையின் ஆங்கிலச் சுருக்கமான 'சிஎஸ்ஐ' என்று பெயர்ப்பலகை இருக்கும் ஒரு கோயில், 1947-க்கு முன்பு இந்த மூன்றில் எதுவாக வேண்டுமானாலும் இருந்திருக்கலாம். ஒரே பேராயத்துக்குள் (ஒரு பேராயரின் ஆளுகைப் பகுதிக்குள்), ஒரே ஊருக்குள்கூட, வெவ்வேறு மிஷன்களின் பதிவேடுகள் இருக்கும். நாகப்பட்டினம், தஞ்சாவூர் வட்டாரங்களில் இவற்றோடு லுத்தரன் சபைகளும் அக்கம்பக்கத்தில் இருந்தன. அவை 1919-ல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை ஆயின. தென்னிந்தியத் திருச்சபையில் சேரவில்லை.

இன்னொரு குழப்பம், மெதடிஸ்ட் என்ற பெயரே இரண்டு மிஷன்களுக்கு இருந்தது. சென்னை இராயப்பேட்டை, எழும்பூர், திருவள்ளூர், இக்காடு, நாகப்பட்டினம், மன்னார்குடி, கரூர், தாராபுரம் ஆகிய இடங்களில் பணி செய்தது பிரிட்டனிலிருந்து வந்த வெஸ்லியன் மிஷன். அதன் சபைகள் 1947-ல் தென்னிந்தியத் திருச்சபைக்குள் போய்விட்டன. வில்லியம் டெய்லர் 1870-களில் நடத்திய கூட்டங்களிலிருந்து தொடங்கிய அமெரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோப்பல் சபை அந்த ஐக்கியத்தில் சேராமல் தனியாக நின்றது. 1981-லிருந்து இந்திய மெதடிஸ்ட் திருச்சபை என்ற பெயரில் இயங்குகிறது. உங்கள் முன்னோர் வெஸ்லியன் என்றால், இன்று 'மெதடிஸ்ட்' என்ற பலகை தொங்கும் கோயிலில் அவருடைய பதிவு இருக்காது. சிஎஸ்ஐ கோயிலில்தான் இருக்கும். பெயரைப் பார்த்து நேராக மெதடிஸ்ட் கோயிலுக்குப் போய் ஏமாந்து திரும்பியவர்கள் பலர்.

இலங்கையில் நிலைமை வேறு. 1814-ல் காலித் துறைமுகத்தில் வந்திறங்கிய வெஸ்லியன் மிஷனரிமாரில் லிஞ்சும் ஸ்குவான்ஸும் யாழ்ப்பாணத்துக்கும், ஓல்ட் என்பவர் மட்டக்களப்புக்கும் போனார்கள். அந்தப் பணியிலிருந்து வளர்ந்ததே 1964-ல் தன்னாட்சி பெற்ற இலங்கை மெதடிஸ்த திருச்சபை. யாழ்ப்பாணத்தில் வட்டுக்கோட்டை, உடுவில், தெல்லிப்பழை போன்ற இடங்களில் இருந்தது அமெரிக்க மிஷன். அதன் வாரிசு இன்று தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனம். பருத்தித்துறை ஹாட்லி, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி, வேம்படி, மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரி என்று முன்னோரின் பள்ளிப் பெயர் வந்தால் மெதடிஸ்த வழி என்று முதலில் கொள்ளலாம். ஆனால் பள்ளியை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், ஏனென்றால் சைவப் பிள்ளைகளும் பிற சபைப் பிள்ளைகளும் அங்கே படித்தார்கள். மலையகத் தோட்டங்களிலிருந்து வந்த குடும்பமானால், 1854-ல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷனைச் சேர்ந்ததாக இருக்க வாய்ப்புண்டு. அது ஆங்கிலிக்கன் சார்புடையது. மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போன யாழ்ப்பாணத்து மெதடிஸ்தர்கள் அங்கே 1885-ல் தொடங்கப்பட்ட அமெரிக்க மெதடிஸ்ட் பணியின் தமிழ்ச் சபைகளில் சேர்ந்திருப்பார்கள். ஒரே குடும்பத்தின் இரண்டு தலைமுறைக்கு இரண்டு வேறு மிஷன்களின் பதிவேடுகளைப் பார்க்க வேண்டிவரும்.

மிஷனை உறுதிப்படுத்த மிகச் சிறந்த ஆவணம் திருமணச் சான்றிதழ். எந்தச் சபையின் முறைப்படி திருமணம் நடந்தது என்பதும், நடத்திவைத்த குருவானவரின் பெயரும் அதில் இருக்கும். 1932-ல்தான் பிரிட்டனில் வெஸ்லியன் உள்ளிட்ட மூன்று மெதடிஸ்ட் பிரிவுகள் ஒன்றாயின என்பதால், அதற்கு முந்திய தாள்களில் 'வெஸ்லியன்' அல்லது 'உவெஸ்லியன்' என்ற சொல்லையே தேடுங்கள்.

3. ஊரை விட்டுவிட்டுச் சேகரத்தைக் கண்டுபிடியுங்கள்

மெதடிஸ்ட் அமைப்பு ஊரை அடிப்படையாகக் கொண்டதல்ல. பல ஊர்ச் சபைகள் சேர்ந்தது ஒரு சேகரம். ஆங்கிலத்தில் சர்க்கியூட் என்பார்கள். பதிவேடு பெரும்பாலும் சேகரத்தின் தலைமை இடத்தில் வைக்கப்பட்டிருக்கும். உங்கள் முன்னோரின் கிராமத்தில் சிறு ஜெபக்கூடம் மட்டும் இருந்திருக்கலாம். அங்கே போய்ப் பதிவேட்டைக் கேட்டால் ஒன்றும் கிடைக்காது.

குருமார்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சேகரம் விட்டுச் சேகரம் மாற்றப்பட்டார்கள். உபதேசியார்களும் பள்ளி ஆசிரியர்களும் அப்படியே மாற்றப்பட்டார்கள். மூத்த பிள்ளைக்கு ஓர் ஊரிலும் இளைய பிள்ளைக்கு எண்பது மைல் தள்ளி இன்னோர் ஊரிலும் ஞானஸ்நானம் ஆகியிருப்பது சாதாரணம். என் கொள்ளுத்தாத்தாவின் ஐந்து பிள்ளைகளும் மூன்று சேகரங்களின் பதிவேடுகளில் சிதறிக் கிடந்தார்கள்.

இந்த இடமாற்ற வழக்கமே நமக்குச் சாவியாகவும் அமைகிறது. ஒவ்வோர் ஆண்டும் எந்தக் குருவானவர் எந்தச் சேகரத்தில் நியமிக்கப்பட்டார் என்ற பட்டியல், பிரிட்டிஷ் மெதடிஸ்ட் மாநாட்டின் ஆண்டு நடவடிக்கைக் குறிப்புகளில் அச்சிடப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொகுதிகள் பல இன்டர்நெட் ஆர்க்கைவ், கூகுள் புக்ஸ் தளங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. உங்களிடம் இருக்கும் வகுப்புச் சீட்டிலோ திருமணச் சான்றிதழிலோ உள்ள குருவானவரின் பெயரை எடுத்து, அந்த ஆண்டின் பட்டியலில் பாருங்கள். அவர் பெயருக்கு நேராகச் சேகரத்தின் பெயர் இருக்கும். ஒரு மாலைப்பொழுதில் முடியும் இந்த வேலை எனக்கு எட்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

தேடும்போது அக்காலத்து ஆங்கில ஊர்ப் பெயர்களைப் பயன்படுத்துங்கள்: நெகபடாம், டிரிச்சினோபொலி, மனார்கூடி, பட்டிக்கலோ, பாயிண்ட் பெட்ரோ. இன்றைய பெயரை மட்டும் தட்டினால் தேடுபொறி வெறுங்கையோடு திரும்பிவிடும்.

4. நேரில் போவதற்கு முன்பு எழுதுங்கள்

சேகரம் தெரிந்ததும், தமிழ்நாடானால் அங்குள்ள சேகர குருவானவருக்கும் அந்தப் பேராய அலுவலகத்துக்கும், இலங்கையானால் சேகர முகாமைக் குருவுக்கும் கடிதம் எழுதுங்கள். சென்னை, திருவள்ளூர், இக்காடு பகுதிகள் சென்னைப் பேராயத்தில் வரும். மன்னார்குடி, நாகப்பட்டினம் ஆகியவை திருச்சி–தஞ்சைப் பேராயத்தில் வரும்.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. நீங்கள் யார், தேடுபவர் உங்களுக்கு என்ன உறவு, அவர் பெயர், தகப்பன் பெயர், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை பார்க்க வேண்டும், ஞானஸ்நானமா திருமணமா அடக்கமா என்பவற்றை மட்டும் எழுதுங்கள். ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட இடைவெளியைக் கொடுத்தால் தேடித்தருவதற்கு யாருக்கும் நேரம் இருக்காது. குடும்ப வரலாறு முழுவதையும் முதல் கடிதத்திலேயே எழுதிய என் கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. நாலு வரியில் எழுதிய கடிதத்துக்கு மூன்றே வாரத்தில் வந்தது.

காலமும் முக்கியம். டிசம்பர் மாதத்திலும், தபசு காலத்தின் கடைசி வாரங்களிலும், குருமார் இடமாற்றம் நடக்கும் நாட்களிலும் யாருக்கும் இதற்கு ஓய்வு இருக்காது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் போய் நிற்காதீர்கள். வார நாளில், முன்பே நேரம் குறித்துக்கொண்டு போங்கள். முடிந்தால் புதிதாக வந்த குருவானவரோடு, அந்தச் சபையில் நீண்ட காலமாக இருக்கும் கோயில்குட்டியாரையோ (கோயில் பணியாளரையோ) மூப்பரையோ சந்தியுங்கள். எந்த அலமாரியின் அடித்தட்டில் எது இருக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

செலவைப் பொறுத்தவரை, சான்றிட்ட நகலுக்குச் சபைகள் கேட்கும் தொகை சிறியது. அது இடத்துக்கு இடம் வேறுபடும். கேட்ட தொகையைக் கொடுத்து ரசீது வாங்குங்கள். கேட்காவிட்டாலும் சபைக்கு ஒரு காணிக்கை கொடுப்பது மரியாதை. என்னுடைய மொத்தச் செலவில் பெரும்பகுதி பயணத்துக்கும் தங்குவதற்குமே ஆனது. ஒரே வட்டாரத்தில் உள்ள சேகரங்களை ஒரே பயணத்தில் முடிக்கும்படி திட்டமிடுங்கள்.

பதிவேடு அங்கே இல்லை என்ற பதில் வந்தால் மனம் தளர வேண்டாம். பழைய தொகுதிகள் பேராய அலுவலகத்துக்கோ, பெங்களூரில் உள்ள ஐக்கிய இறையியல் கல்லூரியின் ஆவணக் காப்பகத்துக்கோ போயிருக்கலாம்; பல சபைகளின், மிஷன்களின் ஆவணங்கள் அங்கே பாதுகாக்கப்படுகின்றன. வட இலங்கையில் போரிலும் 1995 இடப்பெயர்விலும், கிழக்கிலும் நாகப்பட்டினம் கரையிலும் 2004 ஆழிப்பேரலையிலும் அழிந்தவை அழிந்தவையே. அப்படிப்பட்ட இடங்களில் சபையிடம் மீண்டும் மீண்டும் கேட்டு அவர்களை நோகச் செய்யாமல், ஆறாம் பகுதியில் சொல்லும் அரசுப் பதிவுகளுக்குப் போய்விடுங்கள்.

5. பதிவேட்டைப் படிக்கும் முறை

நான் பார்த்த பதிவேடு நீளவாட்டில் கட்டிய, முதுகுத் தோல் உரிந்த புத்தகம். மை தடித்த இடங்களில் தாளை அரித்து எழுத்தின் வடிவிலேயே துளை விழுந்திருந்தது. ஒரே நாளில் மூன்று வரிகள்: முதலில் தகப்பன், அடுத்து தாய், அதன் கீழ் கைக்குழந்தையாக என் கொள்ளுத்தாத்தா. தகப்பனின் வரியில் புதிய பெயருக்கு எதிரே, 'முந்திய பெயர்' என்ற கட்டத்தில் ஓர் ஊர்க் காவல் தெய்வத்தின் பெயர் எழுதியிருந்தது. எங்கள் குடும்பத்தில் உயிரோடு இருக்கும் ஒருவருக்கும் அந்தப் பெயர் தெரியாது. அந்த ஒரு கட்டத்துக்காக நான் இன்னும் இரண்டு ஆண்டு அலைந்திருந்தாலும் தகும்.

இதனால்தான் பெரியவர்கள் பெற்ற ஞானஸ்நானத்தை முதலில் தேடுங்கள் என்கிறேன். குழந்தை ஞானஸ்நானத்தில் பெற்றோரின் கிறிஸ்தவப் பெயரோடு கதை நின்றுவிடும். பெரியவரின் பதிவில் முந்திய பெயர், வயது, ஊர், தொழில், சில இடங்களில் தகப்பன் பெயர் ஆகியவை இருக்கும். உங்கள் முன்னோரின் வரியை மட்டும் பார்த்துவிட்டு மூடாதீர்கள். அன்றைய தேதியில் உள்ள எல்லா வரிகளையும், முன்னும் பின்னும் இரண்டு பக்கங்களையும் படியுங்கள். உறவினர்கள் கூட்டமாகவே ஞானஸ்நானம் பெற்றார்கள். சாட்சிகளின் பெயர்களையும் எழுதிக்கொள்ளுங்கள். தாய்வழி உறவு பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

தமிழில் எழுதிய பதிவேடுகளிலும் கல்லறைக் கற்களிலும் தமிழ் எண்கள் வரும். ௲ ஆயிரம், ௱ நூறு, ௰ பத்து. ௲௮௱௭௰௭ என்றால் 1877. ௵ என்பது வருஷம், ௴ மாதம், ௳ நாள். ௸ என்றால் மேற்படி, அதாவது மேல் வரியில் உள்ளதே இங்கும் என்று பொருள். ௭-ஐயும் ௯-ஐயும் மங்கிய மையில் மாற்றிப் படித்துவிடுவது எளிது, ஆகவே சந்தேகம் வந்தால் அதே கையெழுத்தில் உள்ள வேறு தேதிகளோடு ஒப்பிடுங்கள்.

ஆங்கிலத்தில் எழுதிய பதிவேடுகளில் பெயர்கள் எழுதியவரின் காதுக்குக் கேட்டபடி இருக்கும். ஞானமுத்து என்ற பெயர் ஜி-என் என்றும், என்-ஜே என்றும், வெறும் என் என்றும் தொடங்கலாம். யேசுவடியான் ஒய்-யிலும் இருக்கலாம், ஜே-யிலும் இருக்கலாம். அகரவரிசைப் பட்டியலை நம்பி ஓர் எழுத்தின் கீழ் மட்டும் பார்த்தால் கண்முன்னே இருப்பதைத் தவறவிடுவீர்கள். குடும்பப் பெயர் என்ற வழக்கம் நம்மிடம் இல்லாததால், தகப்பன் பெயர், ஊர், தொழில் மூன்றில் இரண்டேனும் பொருந்தாமல் 'இவர்தான் அவர்' என்று முடிவு கட்டாதீர்கள். ஒரே சேகரத்தில் ஒரே பத்தாண்டில் நான்கு தேவசகாயங்களை நான் கண்டேன்.

தட்டச்சு செய்த நகலை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். எனக்கு முதலில் கிடைத்த நகலில் 1877 என்பது 1887 என்று இருந்தது. அந்த ஒரு எண்ணால் நான் குடும்பத்தின் வரிசையையே தவறாகப் போட்டிருந்தேன். மூலப் பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுக்க அனுமதி கேளுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், பக்கத்தை அழுத்தி விரிக்க வேண்டாம், ஜன்னல் வெளிச்சமே போதும். பக்கத்தின் மேல்தலைப்பும் வரிசை எண்ணும் படத்தில் விழுகின்றனவா என்று அங்கேயே பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.

6. அரசிடம் உள்ள பதிவுகள்

ஞானஸ்நானப் பதிவேட்டைக் காட்டுவது சபையின் நல்லெண்ணம். திருமணப் பதிவேடு அப்படியல்ல. இந்தியாவில் 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி, அதைப் பொறுப்பில் வைத்திருப்பவர் நியாயமான நேரத்தில், உரிய கட்டணம் பெற்றுக்கொண்டு, தேட அனுமதித்து, சான்றிட்ட நகல் தர வேண்டும். சட்டத்தின் 79-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. அதைக் காட்டிச் சண்டை போடுவதற்காகச் சொல்லவில்லை. மறுக்கப்பட்டால் பணிவாகச் சுட்டிக்காட்ட உதவும். இந்தத் திருமணங்களின் பிரதிகள் அரசின் பதிவுத் துறைக்கும் அனுப்பப்பட்டதால், சபையின் புத்தகம் அழிந்திருந்தாலும் வழி அடைபட்டுவிடாது.

கிராமங்களின் பழைய பிறப்புப் பதிவில் குழந்தையின் பெயர் பெரும்பாலும் இருக்காது. இன்னாருக்கு ஆண் குழந்தை என்று மட்டும் இருக்கும். தகப்பன் பெயரைக் கொண்டு தேடுங்கள்.

இலங்கையில் பிறப்பு, இறப்புப் பதிவுகள் பதிவாளர் நாயகம் திணைக்களத்தின் கீழ் வருகின்றன. நகலுக்குப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பதிவு எண்ணும் தேதியும் தெரிந்தால் கட்டணமும் காத்திருப்பும் குறைவு. தெரியாமல் தேடச் சொன்னால் இரண்டும் கூடும். அதனால்தான் சபைப் பதிவேட்டில் தேதியைக் கண்டுபிடித்துக்கொண்டு அதன்பின் அங்கே போகச் சொல்கிறேன். வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊரில் உள்ள உறவினருக்குக் கையொப்பமிட்ட அதிகாரக் கடிதத்தையும் உறவைக் காட்டும் சான்றுகளின் நகல்களையும் முன்பே அனுப்பிவைத்தால் ஒரு நடை மிச்சமாகும்.

பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டையும் மறக்காதீர்கள். மன்னார்குடி ஃபின்ட்லே, திருவள்ளூர் கௌடி, இராயப்பேட்டை வெஸ்லி போன்ற பள்ளிகள் இந்த மிஷனின் வழியில் வந்தவை. ஆனால் பள்ளியில் எழுதிய பிறந்த தேதியை நம்ப வேண்டாம். சேர்க்கைக்கு வசதியாக வயதைக் கூட்டியோ குறைத்தோ எழுதுவது வழக்கமாக இருந்தது.

7. மிஷனில் பணி செய்தவரானால் லண்டன் ஆவணங்கள்

மெதடிஸ்ட் மிஷனரி சங்கத்தின் ஆவணங்கள் லண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சோவாஸ் கல்லூரியின் நூலகத்தில் இருக்கின்றன. அங்கே மிஷனரிகளின் கடிதங்களும் மாவட்டச் சினோட் (சபை நிர்வாகக் கூட்டம்) குறிப்புகளும் கிடைக்கும். சாதாரண சபையாரின் ஞானஸ்நானமோ திருமணமோ கிடைக்காது. உங்கள் முன்னோர் குருவானவராக இருந்திருந்தால் அவருடைய நியமனங்களைத் தொடர்ந்து பார்க்கலாம்; குருப்பட்டம் பெற்றுப் பணியிலிருக்கையில் இறந்தவர்களுக்கு மாநாட்டுக் குறிப்புகளில் இரங்கல் எழுதும் வழக்கமும் உண்டு. உபதேசியாராகவோ வேதாகமப் பெண்ணாகவோ (வீடுகளுக்குப் போய் வேதம் சொல்லிக்கொடுத்த பெண் ஊழியராகவோ) இருந்திருந்தால் பெயர் இல்லாமல் 'நம் உபதேசியார்' என்றே கடிதங்களில் வருவார். ஊரையும் ஆண்டையும் வைத்துத்தான் அடையாளம் காண வேண்டும். என் கொள்ளுத்தாத்தாவை நான் அப்படித்தான் கண்டேன். ஒரே ஒரு வாக்கியம், பெயர் இல்லை.

நேரில் போக முடியாதவர்கள் நகல் கேட்பதற்கு முன்பு பெட்டி எண்ணையும் ஆண்டையும் நூலகப் பட்டியலில் தேடி எழுதி, எத்தனை பக்கம், எவ்வளவு செலவு என்று எழுத்தில் விலை கேட்டுக்கொள்ளுங்கள். 'மன்னார்குடி பற்றிய எல்லாம்' என்று கேட்டால் செலவு கைமீறிப் போகும்.

8. இணையத்தில் பணம் கட்டுவதற்கு முன்பு

ஃபேமிலிசர்ச் தளம் இலவசம். இந்தியாவின் பிறப்பு, ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் குறித்த அட்டவணைகள் அதில் உண்டு. பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களைத் தேடுவதற்கான ஃபிபிஸ் அமைப்பின் தரவுத்தளத்திலும் கட்டணமின்றித் தேடலாம். ஃபைண்ட்மைபாஸ்ட் தளத்துக்குச் சந்தா உண்டு. லண்டனில் உள்ள இந்தியா ஆபீஸ் ஆவணங்களின் சபைப் பதிவுகள் அதில் படங்களாக உள்ளன. ஆனால் அந்தப் பதிவுகள் பெரும்பாலும் ஐரோப்பியரையும் ஆங்கிலோ இந்தியரையும் சேர்ந்தவை. கிராமத்துத் தமிழ்ச் சபையாரைத் தேடுபவர் அதற்குச் சந்தா கட்டுவது வீண். வேறு காரணத்துக்காகக் கட்டினாலும், தானாகப் புதுப்பிக்கப்படுவதை அன்றே நிறுத்திவிடுங்கள்.

இலங்கைச் சபைகளின் ஆண்டு நிறைவு மலர்கள், பள்ளி மலர்கள் பலவற்றை 'நூலகம்' என்ற இணையதளத்தில் இலவசமாகப் படிக்கலாம். அவற்றில் பழைய குருமார், ஆசிரியர் பட்டியல்கள் வரும். மலர்களில் தேதிப் பிழைகள் மலிந்திருக்கும் என்பதால் அவற்றைத் துப்பாக மட்டும் கொள்ளுங்கள்.

வம்சாவளியைத் தேடித் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவர்களிடம், எந்தச் சேகரத்தின் எந்தப் பதிவேட்டைப் பார்ப்பார்கள் என்று முதலில் கேளுங்கள். பதில் சொல்ல முடியாதவருக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

9. கல்லறைத் தோட்டம்

தமிழ்நாட்டுக் கல்லறைத் தோட்டங்களிலும் இலங்கைச் சேமக்காலைகளிலும் மழைக்காலம் முடிந்த பின்பு, காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் போங்கள். மங்கிய எழுத்து அப்போதுதான் நிழலில் எழும்பும். கல்லைச் சுரண்டவோ சுண்ணாம்பு பூசவோ வேண்டாம்; தண்ணீரில் நனைத்த மென்மையான துணி போதும். ஒரே குழியை மறுபடி பயன்படுத்தும் வழக்கம் பல இடங்களில் இருப்பதால், கல் இல்லாவிட்டால் அடக்கப் பதிவேட்டைக் கேளுங்கள்.

10. கிடைத்ததை எழுதி வைக்கும்போது

ஒவ்வொரு தகவலுக்கும் எந்தப் பதிவேடு, எந்தச் சேகரம், எந்தப் பக்கம், எத்தனையாவது வரி, எந்த நாளில் பார்த்தீர்கள் என்று பக்கத்திலேயே குறியுங்கள். இதை நான் தொடக்கத்தில் செய்யாமல், ஒரே பதிவேட்டை மறுபடி பார்க்க இன்னொரு முறை பயணம் போக நேர்ந்தது.

பழைய பதிவேடுகளில் சாதி எழுதியிருக்கும்; பஞ்ச காலத்தில் அநாதையாக வந்த பிள்ளை என்றும், தகப்பன் பெயர் தெரியாது என்றும் எழுதியிருக்கும். உங்கள் உறவினரில் சிலர் அதை இத்தனை காலம் சொல்லாமல் வைத்திருந்ததற்கு அவர்களுக்கு வலியான காரணங்கள் இருக்கலாம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படத்தைப் போடுவதற்கு முன்பு, அந்தக் கிளையின் மூத்தவரிடம் தனியாகக் காட்டிப் பேசுங்கள். நான் என் பெரியம்மாவிடம் அந்த 'முந்திய பெயர்' இருந்த பக்கத்தைக் காட்டியபோது, அவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அதைத் தம் வேதாகமத்தின் முதல் பக்கத்தில் எழுதித் தரச் சொன்னார். உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதியையும் முகவரியையும் பொது இணையதளங்களில் ஏற்றாதீர்கள்.

நீங்கள் எடுத்த படங்களின் ஒரு பிரதியை, பெயரிட்டு, ஆண்டு வரிசையில் அடுக்கி, அந்தச் சேகரத்தின் குருவானவரிடமே ஒரு பென்டிரைவில் கொடுத்துவிட்டு வாருங்கள். அந்தப் புத்தகத்தின் மை தாளை அரித்துக்கொண்டேதான் இருக்கிறது.